கால்களை எண்ணாத பெட்டி

போன மாதம் உங்கள் சமிக்ஞை விளக்குக் கட்டுப்பாட்டு அறையைப் பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். சுவர் நிறையத் திரைகள். எந்தச் சந்தியில் எத்தனை வாகனம் நிற்கிறது, எந்தப் பக்கம் நெரிசல், எந்தப் பக்கம் காலி, எல்லாவற்றையும் கேமரா பார்க்கிறது. கணினி கணக்குப் போட்டுப் பச்சை விளக்கைத் தானே கூட்டிக் குறைக்கிறது. அம்புலன்ஸ் வந்தால் வழிநெடுகப் பச்சை கொடுக்கிறது. உண்மையைச் சொன்னால் எனக்கு வாய் பிளந்துவிட்டது. ஓய்வு பெற்ற கிழவன் பழைய காலத்தைத் தூக்கி வைத்துப் பேசி உங்களை மட்டம் தட்டப் போகிறான் என்று யாரும் நினைக்க வேண்டாம். கருவி வந்ததால் ரோட்டில் உயிர் பிழைத்தவர்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். கருவிக்கு எதிராக ஒரு வார்த்தையும் என் வாயில் வராது.

ஆனால் வெளியே வரும்போது உங்களில் ஒருவர், "இனிமே பயமே இல்ல சேர்" என்றார். சந்தோஷத்தில்தான் சொன்னார். எனக்குத்தான் ஹட்டனுக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் அந்த வார்த்தை செருப்புக்குள் புகுந்த கல்லைப்போல உறுத்திக்கொண்டே இருந்தது. சமிக்ஞை விளக்கு வேலையில் இருக்கிறவனுக்குச் சம்பளம் கொடுப்பதே பயப்படுவதற்குத்தான். சாரதி பயப்படாமல் போகவேண்டும் என்றால், அவனுடைய பயத்தையும் சேர்த்து இன்னொருவன் பட்டாக வேண்டும். நான் எப்படிப் பயந்தேன் என்று உங்களுக்குச் சொல்கிறேன். வயரிங்கும் சுற்றுப்படமும் நீங்களே என்னைவிட நன்றாகப் படித்தவர்கள், அதை விட்டுவிடலாம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. டிக்கோயாவைத் தாண்டி மேலே ஏறும் ரோட்டில் ஒரு அடைமழைக்கு மண் சரிந்து, ரோட்டில் பாதியைக் கீழே இழுத்துக்கொண்டு போய்விட்டது. மிச்சமிருந்தது ஒரே ஒரு வாகனம் போகிற அகலம். ஒரு பக்கம் செங்குத்தான பாறை. மறுபக்கம் பள்ளம். பள்ளத்தின் உதட்டில் கொஞ்சம் தேயிலைச் செடி தொங்கிக்கொண்டிருந்தது, அதற்குக் கீழே ஆறு. அந்த ஒற்றை வழித் துண்டு வளைந்து வளைந்து போனதால், இந்த முனையில் நிற்பவனுக்கு அந்த முனை தெரியாது. பனி இறங்கிவிட்டால் தன் கையே தெரியாது.

பாறையை உடைத்து ரோட்டை அகலப்படுத்த ஒரு வெளிநாட்டுக் கம்பெனி வந்தது. நான் அந்த ரோட்டுக்கு மேலே இருந்த தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். ஹட்டனில் படித்திருந்தேன், தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்று பாஷையும் சுமாராகப் பேசுவேன். தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கிற காலைப் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுக்க மனமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவனைக் கம்பெனி கொடிக்காரனாக எடுத்தது. இந்த முனையில் நான், அந்த முனையில் இன்னொருவர். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு சிவப்புக் கம்பு.

கம்பு எதற்கென்று கேட்பீர்கள். என் பக்கத்திலிருந்து போகும் கடைசி வண்டியின் சாரதியிடம் அதைக் கொடுத்துவிடுவேன். அந்த முனைக்காரர் கம்பைக் கையில் வாங்கிய பிறகுதான் அவர் பக்கத்து வண்டிகளை விடுவார். பிறகு அவர் பக்கத்துக் கடைசி வண்டியில் கம்பு எனக்குத் திரும்பி வரும். வட்டகொடை ஸ்டேஷனில் ரயில் சாரதிக்கு வழி அனுமதியை வளையத்தில் மாட்டிக் கொடுப்பார்களே, அதே புத்திதான். கம்பு யாரிடம் இருக்கிறதோ ரோடு அவனுக்கு.

நல்ல முறைதான், கம்பு தொலையாத வரைக்கும். ஒருநாள் மரக்கறி லொறிக்காரர் ஒருவர் கம்பை இருக்கைக்கு அடியில் போட்டு மறந்து, நேரே கினிகத்தேனைக்குக் கொண்டு போய்விட்டார். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன, ஹோர்ன் சத்தம் காதைப் பிய்த்தது. பொறுமை இழந்த ஒரு பஸ்காரர், கம்பும் இல்லை வண்டியும் வரவில்லை என்றால் ரோடு காலிதானே என்று என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போனார். அதே யோசனை அந்தப் பக்கம் நின்ற ஒரு லொறிக்காரருக்கும் வந்தது. நடுவில், பனிக்குள், மூக்கும் மூக்கும் முட்டாத குறையாக நின்றார்கள். பஸ் பின்னால் வர வேண்டியதாயிற்று. ஆட்களை இறக்கிப் பாறையோடு ஒட்டி நடக்க விட்டார்கள். நான் பின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே பள்ளத்துப் பக்கம் நடந்து, வா வா என்று கை காட்டினேன். சக்கரத்தின் வெளி விளிம்புக்குக் கீழே மண் பொலபொலவென்று உதிர்ந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டவனுக்கு ரோடு காலி என்ற வார்த்தையே பிறகு பிடிக்காமல் போய்விடும்.

இதைக் கேள்விப்பட்டுத்தான் கம்பெனி எஞ்ஜினியர் இரண்டு முனையிலும் சிவப்பு பச்சை விளக்கு வைத்து, அவற்றை இயக்க ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். அவருடைய பெயர் வேண்டாம், எல்லோரும் துரை என்றுதான் கூப்பிட்டோம். பனி கொட்டும் தேசத்திலிருந்து வந்த மனிதர், ஆனால் எங்கள் குளிருக்கு எப்போதும் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருப்பார். வேலையில் புலி. மற்றவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பார், அது எல்லாத் துரைக்கும் வாய்க்காத குணம்.

பெட்டி இப்படித்தான் வேலை செய்தது. இரண்டு முனையிலும் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு ரப்பர் குழாய். சக்கரம் ஏறினால் உள்ளே இருக்கிற காற்று தள்ளும், பெட்டி ஒன்று எண்ணிக்கொள்ளும். ஒரு பஸ்ஸுக்கு இரண்டு, முன் சக்கரத்துக்கு ஒன்று, பின் சக்கரத்துக்கு ஒன்று. உள்ளே போனது அத்தனையும் அந்த முனையால் வெளியே வந்தால்தான் எதிர்ப்பக்கத்துக்குப் பச்சை. உள்ளே எத்தனை இருக்கிறது என்பதைப் பெட்டியின் முகத்தில் ஒரு சின்ன எண் சக்கரம் காட்டும். பெட்டி என் முனையில் இருந்த காவல் குடிசைக்குள் இருந்தது. அதில் ஒரு சாவியும் உண்டு, திருப்பினால் இரண்டு பக்கமும் சிவப்பாகிவிடும். இன்று நீங்கள் கேமராவை வைத்துச் செய்வதை அன்றைக்கு அது காற்றை வைத்துச் செய்தது.

முதல் வாரமே அது எல்லோரையும் நிறுத்திவிட்டது. தோட்டத்துக் கொழுந்து டிரக்டர் ஒன்று உள்ளே போய், நடுவில் பிரிகிற தோட்டப் பாதையில் திரும்பிக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போய்விட்டது. போனது வெளியே வரவில்லை. பெட்டி இரண்டு பக்கமும் சிவப்பைப் போட்டுவிட்டுச் சாமியார் மாதிரி உட்கார்ந்திருந்தது. சாரதிகள் சிங்களத்திலும் தமிழிலும் என் பரம்பரையையே விசாரித்தார்கள். துரைக்கோ ஒரே சந்தோஷம். தெரியாதபோது நிறுத்துகிறது பார், இதுதான் நல்ல கருவி என்றார். அந்தப் பாதை பிரியும் வாயிலும் ஒரு குழாய் போட்டார், பிரச்சினை தீர்ந்தது. அவர் சொன்னது சரி, இன்றும் சரி. தெரியாதது ஒன்று இருக்கிறது என்று கருவிக்குத் தெரிந்தால் அது நின்றுவிடும். அப்படி ஒன்று இருப்பதே தெரியாவிட்டால் என்ன செய்யும் என்பதை நாங்கள் இரண்டு பேருமே அப்போது கேட்கவில்லை.

பெட்டியால் ரோடு சீராகிவிட்டது. காத்திருக்கிற நேரம் பாதியாகக் குறைந்தது. டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கொண்டு போகிற தோட்டத்து லொறி வழியில் சிக்குவதில்லை. அந்த முனைக் கொடிக்காரர் இனித் தேவையில்லை என்று வேறு வேலைக்கு அனுப்பப்பட்டார். நான் மட்டும் பெட்டிக்குக் காவல்.

ஒரு மாற்றம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. முன்பெல்லாம் ஒவ்வொரு வளைவிலும் ஹோர்ன் அடித்து, ஊர்ந்து ஊர்ந்து வருவார்கள். இப்போது ஹோர்ன் சத்தமே இல்லை, வேகமும் கூடிவிட்டது. பஸ்காரர் ஒருவரிடம் கொஞ்சம் மெதுவாகப் போகச் சொல்லிப் பார்த்தேன். தமிழ் நன்றாகப் பேசுகிற கினிகத்தேனைக்காரர் அவர். சிரித்துக்கொண்டே கேட்டார்.

"பச்சை குடுத்தா உள்ள யாரும் இல்லன்னுதானே தம்பி அர்த்தம்?"

அவருடைய பயத்தைப் பெட்டி எடுத்துக்கொண்டது, பெட்டிக்கோ பயப்படத் தெரியாது. ஆக அந்தப் பயம் முழுவதும் என் தலையில் வந்து இறங்கியது.

அப்புறம்தான் அந்தச் சாவு. எங்கள் பக்கத்து லயத்தில் ஒரு பெரியவர் இறந்துபோனார். எனக்கு வேலை, போக முடியவில்லை. வீட்டுக்கு ஒருவர் போகவேண்டுமே, அதனால் என் மனைவி பார்வதி போயிருந்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை.

எங்கள் தோட்டத்து வழக்கத்தை மலையகத்துக்கு வெளியே இருந்து வந்தவர்களுக்குச் சொல்லவேண்டும். பாடையைத் தூக்கிக்கொண்டு தப்பு மேளம் அடித்தபடி லயத்திலிருந்து இறங்குவார்கள். பாதி வழியில், லயம் கண்ணுக்கு மறைகிற இடத்தில், பாடையைத் தரையில் வைப்பார்கள். தலைமாட்டையும் கால்மாட்டையும் திசை மாற்றித் திருப்பித்தான் மறுபடி தூக்குவார்கள். அதுவரைக்கும்தான் பொம்பளைகள் வருவார்கள். அங்கே அழுது முடித்துத் திரும்பிவிடுவார்கள், ஆம்பளைகள் மட்டும் சுடுகாட்டுக்குப் போவார்கள். ஆகவே ஊரே ஒன்றாகக் கூடி நிற்பது அந்த இடத்தில்தான். பாடை தரையில் இருக்கும்போது தப்புச் சத்தமும் நின்றுவிடும்.

எங்கள் தோட்டத்துக்கு அந்த இடம் ரோட்டு வளைவு. ஒற்றை வழித் துண்டின் நட்டநடு. லயத்துப் படிக்கட்டு நேரே அங்கேதான் வந்து இறங்குகிறது, என் குடிசையைத் தாண்டாமலே ரோட்டுக்கு வந்துவிடலாம்.

இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் காத்திருந்தேன். தப்புச் சத்தம் ரோட்டுக்கு வந்ததும் சாவியைத் திருப்பிச் சிவப்புப் போட்டுவிடலாம் என்று காதைத் தீட்டி வைத்திருந்தேன். பிற்பகலில் பனி இறங்கியது. பனிக்குள் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று சொல்ல முடியாது. தப்பு இன்னும் மேலே, லயத்துப் பக்கம் அடிப்பது போலத்தான் கேட்டது. படி இறங்க இன்னும் நேரமிருக்கிறது என்று நினைத்தேன்.

தப்பு நின்றது.

ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை. அடுத்த கணம் விளங்கிவிட்டது. தப்பு நிற்கிறது என்றால் பாடை தரையில். பாடை தரையில் என்றால் அவர்கள் வளைவில், ரோட்டில். பாய்ந்து சாவியைத் திருப்பினேன். இரண்டு பக்கமும் சிவப்பாகிவிட்டது. பிறகுதான் எண் சக்கரத்தைப் பார்த்தேன். இரண்டு என்று காட்டிக்கொண்டிருந்தது.

அந்த முனையிலிருந்து ஏதோ ஒன்று பச்சையில் உள்ளே வந்துவிட்டது. பஸ்ஸாக இருக்கலாம், லொறியாக இருக்கலாம். பெட்டியைக் கேட்டால் ரோடு காலியாக இருந்தது, அதனால் பச்சை கொடுத்தேன் என்றுதான் சொல்லும். அதற்குச் சக்கரம்தான் தெரியும். குழாயை மிதிக்காமல், படிக்கட்டால் இறங்கிக் காலால் நடந்து வந்தவர்கள் அதன் கணக்கில் பிறக்கவே இல்லை. அவர்களில் ஒருத்தி என் பெண்சாதி.

கத்தினால் கேட்காது. ஓடினால் எட்டாது. அந்த முனையில் ஆள் இல்லை, இருந்தாலும் பிரயோசனம் இல்லை, வண்டி உள்ளே வந்துவிட்டது. என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது ஒன்றே ஒன்று. பாறைக்கு வெடி வைப்பதற்கு முன்னால் ஊதுகிற சைரன்.

சைரன் கேட்டால் எல்லாச் சாரதிகளும் நின்ற இடத்திலேயே நிற்கவேண்டும். கல் பறந்து வரும் என்பதால் யாரும் மீறமாட்டார்கள். அதை ஊதினால் வண்டி நிச்சயம் நிற்கும். ஆனால் நடந்து போகிறவர்களுக்குச் சட்டம் வேறு. சைரன் கேட்டால் பாறைப் பக்கம் நிற்காதே, வெளிப்பக்கம் ஓடு. அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தோம். சரிந்த துண்டைத் தவிர, ரோட்டின் மற்ற இடங்களிலெல்லாம் வெளிப்பக்கம் என்றால் வெட்டவெளி. அந்த வளைவில் வெளிப்பக்கம் பள்ளம். மெகாபோனைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாகப் போய் அதைத் தமிழில் சொன்னவனே நான்தான்.

ஊதாவிட்டால் வண்டி அவர்கள் மேல் ஏறும். ஊதினால் அவர்களே பனிக்குள் பள்ளத்துக்கு ஓடுவார்கள். யோசிக்க எனக்குக் கிடைத்தது ஒரு மூச்சு நேரம். பாடை தரையில் இருக்கிறது, அதை விட்டுவிட்டு எங்கள் சனம் நகராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சைரன் பொத்தானை அழுத்தினேன்.

அழுத்தினால் பூட்டிக்கொள்கிற பொத்தான் அது. ஊத விட்டுவிட்டு ஓடினேன். பாறையைக் கையால் தடவித் தடவித்தான் ஓட முடிந்தது. சைரன் சத்தம் காதை அடைத்துவிட்டதால் முன்னால் பிரேக் சத்தம் கேட்கிறதா, அலறல் கேட்கிறதா, ஒன்றுமே தெரியவில்லை. அதைவிடப் பெரிய பயத்தை நான் வாழ்க்கையில் பட்டதில்லை. ஓடும்போதே, இந்த வளைவு வராமலே போய்விடக் கூடாதா என்று நினைத்தேன். போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று நினைத்தேன்.

வளைவில் பஸ்ஸின் லைட் இரண்டும் பனிக்குள் மஞ்சளாகத் தெரிந்தன. பஸ் நின்றிருந்தது. அதற்கு முன்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், பாடை. சுற்றிலும் சனம். ஒருவரும் பேசவில்லை, ஒருவரும் அழவில்லை. பார்வதியைத் தேடினேன். கூட்டத்தின் ஓரத்தில் ஒரு தப்புக்காரருக்குப் பக்கத்தில் நின்றாள். சேலை இடுப்புவரை சேறு. உயிரோடு நிற்கிறாள் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, அப்படியே பாறையில் சாய்ந்துவிட்டேன்.

ஓர் இளைஞனைக் குடிசைக்கு அனுப்பிச் சைரனை நிறுத்தச் செய்தேன். பஸ்ஸை ஓட்டி வந்தவர் அதே கினிகத்தேனைக்காரர். இறங்கிப் படியில் உட்கார்ந்து, பச்சை இருந்தது, பச்சை இருந்தது என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. பிறகு எழுந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பாடையைக் கும்பிட்டார். அதன் பிறகுதான் தப்பு மறுபடி அடித்தது, பாடையைத் திருப்பித் தூக்கினார்கள்.

அடுத்த நாள் விசாரணை. துரை என்னைப் பாராட்டப் போகிறார் என்று நினைத்துப் போனேன். அவர் கோபமாக இருந்தார். வெடி இல்லாமல் ஒருமுறை சைரன் ஊதிவிட்டாய், அடுத்தமுறை உண்மையிலேயே கல் பறக்கும்போது எவன் நம்புவான் என்று கேட்டார். நியாயமான கேள்வி. நீங்களும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், எச்சரிக்கையை இரவல் வாங்கினால் யாரோ ஒருவர் பிறகு வட்டியோடு கட்டவேண்டியிருக்கும். பிறகு இரண்டாவது கேள்வியைக் கேட்டார். நாம் சொல்லிக் கொடுத்தபடி அவர்கள் பள்ளத்துப் பக்கம் ஓடியிருந்தால்?

என் சனத்தை எனக்குத் தெரியும், பாடையை நடு ரோட்டில் போட்டுவிட்டு ஒருவரும் ஓடமாட்டார்கள் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். தோட்டத்துக் கங்காணியையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"யாரும் அசையல தொரை."

அதோடு துரை சமாதானமானார். இனி என்ன செய்யலாம் என்று என்னையே கேட்டார். பெட்டிக்குக் கால் தெரியவில்லை, கால்காரர்களே பெட்டிக்குச் சொல்ல ஒரு வழி வேண்டும் என்றேன். பஸ்ஸில் கொண்டக்டர் இழுக்கிற மணிக் கயிறு எல்லோருக்கும் தெரியும். அதைப் போலப் பாறையோரம் நெடுகக் கயிறு கட்டி, எங்கே இழுத்தாலும் இரண்டு பக்கமும் சிவப்பு விழுகிற மாதிரித் துரை செய்து கொடுத்தார். கொழுந்துக் கூடையோடு வருகிற பொம்பளைகள் படியில் இறங்கியதும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு ராணி மாதிரி நடப்பார்கள். பஸ்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டு காத்திருந்தார்கள். நான் அந்தக் கயிற்றைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தேன்.

கதையும் பரவிவிட்டது. கடையில் சொன்னேன், கோயிலில் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்வதியின் அண்ணன் குடும்பத்தோடு வட்டகொடையிலிருந்து வந்திருந்தார். சாப்பிடும்போது அவருக்கும் முழுக்கதையும் சொன்னேன். பெட்டிக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்தது, நம்ம சனம் ஓடாது என்று தெரிந்தது, அதனால்தான் ஊதினேன் என்று முடித்தேன். மச்சான் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். அவர்களை ரயிலுக்கு அனுப்பிவிட்டு வந்தேன். பார்வதி தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"அந்தக் கதைய இனிமே சொல்லாதீங்க."

ஏன் என்று கேட்டேன்.

"நான் ஓடினேங்க."

எனக்கு விளங்கவில்லை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"நான் மட்டும் இல்ல. பாடை தூக்கிட்டு வந்தவங்களே ஓடினாங்க. நீங்கதானே வந்து சொன்னீங்க, சைரன் கேட்டா வெளிப்பக்கம் ஓடுங்கன்னு. ஓடினோம். வெளிப்பக்கத்துல தரை இல்ல. சறுக்கிப் போய் ஒரு தேயிலைச் செடிய புடிச்சுக்கிட்டேன். காலுக்குக் கீழ ஒண்ணுமே இல்லங்க. அந்தத் தப்புக்காரரு தப்போட தோல் வார நீட்டி என்னை இழுத்துப் போட்டாரு. பாடைகிட்ட நின்னது செத்தவரோட மகன் ஒருத்தர்தான்."

விசாரணையில் ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"பொணத்த நடு ரோட்டுல போட்டுட்டு ஓடினோம்னு யாருங்க சொல்லுவா? அந்த மகன் மொகத்துல எப்படி முழிக்கிறது? பஸ்ஸு நின்னதும் எல்லாரும் பள்ளத்துல இருந்து மேல ஏறி வந்து நின்னுக்கிட்டோம். ஒருத்தர ஒருத்தர் பார்க்கவே இல்ல."

விடிந்ததும் வளைவுக்குப் போய்ப் பள்ளத்தை எட்டிப் பார்த்தேன். கயிறு கட்டும்போது பாறைப் பக்கம் திரும்பி நின்றே வேலை பார்த்தவன் நான், அந்த விளிம்பை ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. செடிகள் முறிந்து கிடந்தன. மண்ணில் விரல் விரலாகப் பிறாண்டிய தடம், மழையில் பாதி அழிந்துபோய் இருந்தது. ஒன்றல்ல, விளிம்பு நெடுக இருந்தது. நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த கதைக்குக் கீழே இத்தனை பேர் தொங்கியிருக்கிறார்கள். அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

இளையவர்களே, உங்கள் கேமராவுக்குக் கால் தெரிகிறது, நான் பார்த்தேன். கைத்தடி பிடித்து நடக்கிறவருக்குக் கூடுதல் நேரம் கொடுப்பதையும் பார்த்தேன், கண் கலங்கிவிட்டது. ஆனால் உங்கள் விளக்கு ஒன்று செய்யும்போது மனிதன் என்ன செய்வான் என்பதை எந்தத் திரையும் முழுதாகக் காட்டாது. மனிதனைக் கேட்டாலும் வெட்கப்பட்டுச் சொல்லமாட்டான். என் சனத்தை எனக்குத் தெரியும் என்று அன்றைக்கு நான் சொன்னேனே, அப்படி ஒரு பேச்சு உங்கள் வாயில் வரும்போது, உடனே எழுந்து போய் அந்த இடத்தைக் குனிந்து பாருங்கள்.

பள்ளத்துப் பக்கம் இரும்புத் தடுப்பு வேண்டும் என்று துரையிடம் போய் நின்றேன். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை என்று நீதானே சொன்னாய், கங்காணியும் சொன்னாரே, பிறகு யாருக்குத் தடுப்பு என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் ஒரு தோட்டமே தலைகுனிய வேண்டியிருக்கும். சொல்லாவிட்டால் தடுப்பு வராது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்: அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் ஓடியிருப்பேன் துரை.

அவருக்கு விளங்கிவிட்டது. யார் ஓடினார்கள் என்று கேட்கவில்லை. தடுப்பு எவ்வளவு நீளம் வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்குப் போய்த் தடுப்பு வருகிறது என்று பார்வதியிடம் சொன்னேன். அவளுக்கு முகம் வெளிறிவிட்டது.

"என்ன சொல்லிக் கேட்டீங்க?"

"நானா இருந்தா ஓடியிருப்பேன்னு சொன்னேன்."

அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, அந்தச் சாவுக்குப் பின்னால் முதன்முறையாக, என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஓடியிருப்பீங்க" என்றாள்.